எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும்?

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. வலது நுரையீரலில் நிமோனியா வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 95 சதவீதம் காட்டுகிறது. வலப்பக்கம் திரும்பினால் 91. ஒவ்வொரு முறையும் இப்படித்தான். கருவியில் கோளாறா?

பதில்: பக்கம் மாறும்போதெல்லாம் இதே வித்தியாசம் வருகிறதென்றால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று நுரையீரலின் நுண்ணறைகளை அடைகிறது. சுமார் 5 லிட்டர் ரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. மொத்த அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. காற்று நுழையும் அறைக்கே ரத்தமும் போய்ச் சேர வேண்டும். ரத்தமோ புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. எந்தப் பக்கம் கீழே இருக்கிறதோ, அங்கேதான் அதிகம் பாயும். உங்கள் தந்தை வலப்பக்கம் படுக்கும்போது, சளியும் நீரும் அடைத்த அறைகளைத் தேடி ரத்தம் போகிறது. ஆக்சிஜன் ஏறாமலேயே இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இதைத் தடுக்க நுரையீரலிடம் அருமையான ஓர் ஏற்பாடு உண்டு. உடலின் மற்ற பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் அவை சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர்கள் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் நிமோனியாவின் அழற்சி இந்தச் சுருக்கத்தையே தளர்த்திவிடுகிறது. அதனால்தான் படுக்கும் நிலைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தாலும் அடைபட்ட அறைகளுக்குள் அது நுழையாது. நல்ல அறைகளைக் கடக்கும் ரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைவாக ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டிருப்பதால், அங்கேயும் பெரிதாக ஈடுகட்ட முடியாது.

ஆகவே, இப்போதைக்கு அவர் பெரும்பாலும் இடப்பக்கம் படுக்கட்டும். நாள் முழுவதும் படுத்தே இருக்கவும் வேண்டாம். சாய்ந்து உட்கார்வதும் மெல்ல நடப்பதும் நுரையீரலின் அடிப்பகுதி விரிய உதவும்.

ஆனால் எல்லோருக்கும் இந்த ஆலோசனை பொருந்தாது. இருமலில் ரத்தம் அதிகமாக வந்தாலோ, நுரையீரலில் சீழ்க்கட்டி இருந்தாலோ, கெட்ட பக்கம்தான் கீழே இருக்க வேண்டும்; இல்லையென்றால் ரத்தமும் சீழும் நல்ல நுரையீரலுக்குள் வழிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு மாறுபடும்.

91 என்ற அளவை இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். இடப்பக்கம் படுத்தும் 92க்கு மேல் ஏறாவிட்டாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.