ஓர்காவை விற்கலாமா?

கேள்வி: எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் ஆசை ஆசையாக ஓர்கா என்ற விண்கப்பல் வாங்கினேன் சார். பயணிகளுக்கென்றே உள்ள கப்பல் என்றார்கள். ஆனால் பைத்தான் என்ற பலவேலைக் கப்பலை வைத்திருக்கும் என் நண்பன் அதே பயணிகளை ஏற்றி என்னைவிட வேகமாகச் சம்பாதிக்கிறான். அப்புறம் எதற்கு இந்தத் தனிக் கப்பல்? விற்றுவிடட்டுமா?

பதில்: விற்காதீர்கள். ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2016 அக்டோபரில் 2.2 அப்டேட்டோடு பயணி வேலைகள் வந்தபோது நான்கு வகை கேபின்களைக் கொடுத்தார்கள்: எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், லக்சுரி. இதில் லக்சுரி மட்டும்தான் கேமில் வரும் சவுட் க்ரூகர் நிறுவனத்தின் கப்பல்களுக்கு, அதாவது ஓர்கா, பெலுகா, பின்னால் வந்த டால்ஃபின் இவற்றுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். சரி, கப்பலில் பாகம் பொருத்தும் ஆறாம் அளவு இடத்தில் லக்சுரி போட்டால் 8 பேர், எகானமி போட்டால் 32 பேர். தலையை எண்ணிக் காசு வரும் வேலைகளில் சரக்குக் கப்பல்காரன் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான்.

ரொபிகோ மைன்ஸ் என்ற விண்வெளி நிலையத்தைப் பாருங்கள். சோதிஸ் என்ற நட்சத்திர மண்டலத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போய்த் திரும்புவதற்குப் பேர்போன இடம். அங்கே இருப்பது சிறிய, நடுத்தர இறங்குதளங்கள்தான், ஓர்காவுக்கும் பெலுகாவுக்கும் பெரிய தளம் வேண்டும். பயணிகளுக்கென்றே செய்த கப்பலால் பயணிகள் குவியும் இடத்தில் இறங்கவே முடியவில்லை! பைத்தான் நடுத்தரத் தளத்தில் இறங்கிவிடும், உங்கள் நண்பர் ஜெயிப்பது அங்கேதான்.

லக்சுரி கேபின் மாதிரி ஒரு பாகத்தை மற்ற கப்பல்களுக்குத் தராமல் பூட்டி வைத்தால் மட்டும் ஒரு கப்பலுக்குத் தனி வேலை வந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம். அது பயணியின் குணத்திலிருந்து வர வேண்டும். சரக்குப் பெட்டி வாய் திறக்காது. பயணியோ பாதி வழியில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும் என்பார், ஏதாவது பொருள் வாங்கி வரச் சொல்வார், கப்பல் அடிவாங்கினால் முகம் சுளித்து, பொறுமை போனால் தப்பிக்கும் கலத்தில் ஏறிக் கிளம்பியே விடுவார். இந்தக் கோபதாபத்துக்குக் கூலியில் இன்னும் கனமான பங்கு கொடுத்திருந்தால் ஓர்காவை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பெரிய கப்பல்களில் அது நல்ல வேகம், துரத்துபவனிடமிருந்து விலகி ஓடலாம். அதனால் ரொபிகோ பக்கம் போகாமல், லக்சுரி கேட்கும் விஐபிகளின் நீண்ட சுற்றுலாக்களை எடுங்கள்.

கேள்வி: கையில் பணம் குறைவு. பயணி வேலைக்கு முதல் கப்பல் எது?

பதில்: டால்ஃபின். 13 லட்சத்துச் சொச்சம் கிரெடிட், சிறிய தளத்திலேயே இறங்கும். முக்கியமாக எளிதில் சூடேறாது. 2017 டிசம்பரில் தார்காய்ட்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் விண்வெளி நிலையங்களைத் தாக்கிய பிறகு எரியும் நிலையத்துக்குள் புகுந்து மக்களை மீட்கும் வேலைகள் வந்தன. உள்ளே நுழைந்ததும் புகை, வெப்ப அளவு 100 சதவீதம் தாண்டினால் பாகங்கள் கெடத் தொடங்கும், வெப்பத்தை உறிஞ்சும் ஹீட் சிங்க்கை ஒவ்வொன்றாக வெளியே வீசிக்கொண்டே எகானமி கேபின்களில் ஆட்களை ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் சூடு குறைந்த சின்னக் கப்பல் எவ்வளவு நிம்மதி என்பது ஒரு தடவை போய் வந்தால் தெரியும்.