"சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டுப் போனால் பங்கை விற்பதா?

? ரப்பர் பால்வெட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் நடுத்தரமான ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 150 பங்கு வாங்கினேன். அதன் சி.எஃப்.ஓ. (தலைமை நிதி அதிகாரி) சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்துவிட்டாராம். இரண்டு நாளில் விலை 8 சதவீதம் இறங்கிவிட்டது. ஆனி, ஆடி மழையில் வெட்டு நின்றால் இந்தப் பணம்தான் கைச்செலவுக்கு. விற்றுவிடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

மழைக்காலச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் இப்போதே விற்று வங்கியில் போடுங்கள். ராஜினாமா வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் பங்கில் இருக்கக் கூடாது. மீதிக்கு அவசரம் வேண்டாம்.

முதலில் பி.எஸ்.இ. (மும்பைப் பங்குச் சந்தை) இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடி, 'கார்ப்பரேட் அனவுன்ஸ்மென்ட்ஸ்' பகுதியில் அறிவிப்பைப் படியுங்கள். ராஜினாமா செய்தியை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. காரணத்தோடு கூடிய கடிதத்துக்கோ, பதவி விலகல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள் அவகாசம் உண்டு. அதனால் கடிதம் இன்னும் வரவில்லை என்பதை வைத்து எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். "சொந்தக் காரணம்" என்ற சொல்லுக்கும் பொருள் தேட வேண்டாம். வேறு வேலைக்குப் போகிறவரும் சண்டை போட்டுப் போகிறவரும் அதையேதான் எழுதுகிறார்கள்.

பார்க்க வேண்டியது தேதிகளை. இன்ஃபோசிஸ் சி.எஃப்.ஓ. நிலஞ்சன் ராய் விலகும் செய்தி 2023 டிசம்பர் 11-இல் வந்தது. கடைசி நாள் 2024 மார்ச் 31. அடுத்து வருபவரின் பெயரும் அன்றே வந்துவிட்டது. இது ஒழுங்கான கைமாற்றம். ஆண்டுக் கணக்கு முடிகிற நேரத்தில், அடுத்தவர் பெயர் இல்லாமல், அன்றைக்கே விடுவிப்பு என்றால் கவலைப்படத்தான் வேண்டும். காலியான சி.எஃப்.ஓ. இடத்தைப் பொதுவாக 3 மாதத்துக்குள் நிரப்பியாக வேண்டும்.

அடுத்தது வசூல். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியை ஆண்டு வருமானத்தால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். வருமானம் 1,000 கோடி, பாக்கி 200 கோடி என்றால் 73 நாள். போன ஆண்டு 60 நாளாக இருந்திருந்தால் வசூல் இழுக்கிறது. இன்னும் பில் போடாத வருமானம் தனி வரியில் இருக்கும்; அதையும் கூட்டிப் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த வரியில்தான். லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலில் வந்த ரொக்கம் மட்டும் இரண்டு மூன்று ஆண்டாகப் பின்தங்கினால், சி.எஃப்.ஓ. இருந்தாலும் போனாலும் அந்தப் பங்கு எனக்குப் பிடிக்காது. இந்தப் பாக்கி விவரம் உள்ள இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) பொதுவாக செப்டம்பர், மார்ச் முடிவுகளோடுதான் வரும். ஜூன், டிசம்பர் முடிவுகளில் தேடி ஏமாற வேண்டாம்.

கூடவே ஆடிட்டரோ, நிர்வாகத்தைச் சேராத சுயேச்சை இயக்குநர்களோ விலகினால் யோசிக்காமல் விற்கலாம். சத்யம் கம்பெனியில் 2008 டிசம்பரில் சுயேச்சை இயக்குநர்கள் வரிசையாக விலகினார்கள். 2009 ஜனவரி 7-இல் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு ராஜினாமா கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் மதிப்பிழந்தது. டிசம்பரிலேயே வெளியேற வாய்ப்பிருந்தது.

? விற்பனைப் பிரிவின் தலைவர் போட்டிக் கம்பெனிக்குப் போனாலும் இதே கணக்குதானா?
- வாசகி, தக்கலை

இல்லை. அங்கே பயம் கணக்கைப் பற்றியதல்ல, வாடிக்கையாளரைப் பற்றியது. 2023 மார்ச்சில் மோஹித் ஜோஷி என்ற உயர் அதிகாரி இன்ஃபோசிஸிலிருந்து விலகி டெக் மஹிந்திரா தலைமைக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. இப்படிப்பட்ட விலகலில், முதல் 5, முதல் 10 வாடிக்கையாளர்கள் தரும் வருமானம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதையும் புதிய ஒப்பந்தங்களின் மதிப்பையும் அடுத்த இரண்டு காலாண்டு முடிவுகளில் பாருங்கள். பெரிய ஒப்பந்தங்கள் பல ஆண்டுக் கணக்கில் போடப்பட்டவை. ஆள் போனவுடன் வேலை போகாது. புதுப்பிக்கும் நேரத்தில்தான் தெரியவரும்.

வாங்கி ஓராண்டு ஆகாத பங்கை லாபத்தில் விற்றால் வரி 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். வாங்கிய தேதியைப் பார்த்துவிட்டு விற்க உட்காருங்கள்.