உன் பேர் யாருடைய செக்ரோலில்?

தங்கச்சி, நீ அனுப்பிய குரல்பதிவை உன் அம்மாவின் கைப்பேசியில்தான் கேட்டேன். நேற்று காலை பசியாற வந்தவர் அப்படியே என் கையில் கொடுத்து, “நீயே பதில் சொல்லிடும்மா, எனக்கு ஒண்ணும் விளங்கல” என்றார். என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்பதால் பள்ளி விடுமுறையில் மலேசியாவுக்கு, நம்ம சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறேன். நீ மே மாதம் என் ஊரான நியூ யார்க்குக்குப் போய்விட்டாய், நான் உன் ஊரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என் ஊரைப் பற்றி எழுதுகிறேன். வேடிக்கைதான்.

நீ கேட்டது இது. குயின்ஸில் நீ இருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளி. எஸ்.பி.எம். (இங்கத்திய பள்ளி இறுதித் தேர்வு) முடித்து, இங்கே பாலர்பள்ளியில் 4 வருடம் உதவியாளராக இருந்திருக்கிறாய். அந்தப் பள்ளியில் ஆசிரியர் அல்லாத வேலை என்னென்ன, நம்ம இங்லீஷுக்குக் கொடுப்பார்களா, எதில் சேர்ந்தால் நல்லது?

முதலில் உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது என்று பார். உன் வீட்டுக்காரர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து, நீ அவர் மனைவி என்ற முறையில் எச்-4 விசாவில் போயிருந்தால், பொதுவாக வேலை செய்ய அனுமதி கிடையாது. அவருடைய கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் வேலை அனுமதி அட்டைக்கு எழுதிப் போடலாம். 2015-இலிருந்து அந்த வழி இருக்கிறது. கிரீன் கார்டோடு போயிருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடு. கையில் அனுமதி இல்லாமல் “சும்மா கொஞ்ச நாள்” என்று யார் கூப்பிட்டாலும் போகாதே. பள்ளி வேலைக்குக் கைரேகை எடுப்பார்கள், எல்லாம் வெளியே வந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். அந்த நகரத்தில் சுமார் 9 லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மலேசியாவின் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூறு சொச்சத்தையும் சேர்த்தால் 80 ஆயிரம் பிள்ளைகள் வருவார்களா? அங்கே அது மாதிரி பத்துப் பங்குக்கு மேல். அவ்வளவு பிள்ளைகளுக்குச் சோறு போட, ரோடு கடத்த, மூத்திரத் துணி மாற்ற, கொதிகலன் எரிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று நீயே நினைத்துக்கொள்.

பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. ஆனால் என் அப்பாவைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். ரப்பர் தோட்டத்தில் ஒரே நிரையில் இரண்டு பேர் பால் வெட்டுவார்கள். ஒருவருடைய பேர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆட்களின் பேர்ப் பதிவேட்டில், இருக்கும். அவருக்கு லயத்தில் வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை. இன்னொருவர் குத்தகைக்காரர் கூட்டி வந்த ஆள். அவருக்கு அன்றைய கூலியோடு சரி. கத்தி ஒன்று, மரம் ஒன்று, வெயிலும் ஒன்றுதான். நியூ யார்க் பள்ளிக்கூடமும் அப்படித்தான். உன் எதிர்வீட்டுப் பள்ளியில் ஒரே வாசல் வழியாக நுழைகிற ஏழெட்டு பேருக்கு நாலைந்து முதலாளிகள் இருப்பார்கள். யூனியனும் வேறு வேறு. வேலை பிடிக்குமா என்று பார்ப்பதற்கு முன்னால், பேர் யாருடைய கணக்கில் ஏறப்போகிறது என்று கேள்.

காலையில் பிள்ளைகளை ரோடு கடத்திவிடுகிறாள் என்று நீ சொன்ன அந்த அம்மாள் பள்ளி ஆள் இல்லை, போலீஸ் இலாகாவின் ஆள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு ஊழியர்களும் அப்படியே. நம்ம பள்ளி ஜாகா (காவலாளி) மாதிரி தெரியும், ஆனால் 1998-இல் அவர்கள் மொத்தப் பேரையும் போலீஸ் இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அமெரிக்கா போய் இறங்கிய வருடம் அது. அவர்களிடம் துப்பாக்கி கிடையாது.

கட்டடத்தைப் பராமரிக்கிறவர்கள் கதை இன்னும் சுவாரசியம். கஸ்டோடியன் இஞ்சினியர் என்று ஒருவர் இருப்பார், கொதிகலனும் கட்டடமும் அவர் பொறுப்பு. (2001 வரைக்கும் சில பள்ளிகளில் நிலக்கரி போட்டுத்தான் எரித்தார்கள். நம்ம தோட்டத்துப் புகைக்கூடம்தான் எனக்கு ஞாபகம் வரும்.) பல காலம் அவருக்கு ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துவிடுவார்கள், கூட்டுகிறவர்களையும் துடைக்கிறவர்களையும் அவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். கங்காணி முறை, வேறென்ன! 2016-இலிருந்து அந்தத் துப்புரவு ஊழியர்களை நகரத்துக்காக ஒரு லாப நோக்கமில்லாத நிறுவனம் தன் கணக்கில் வைத்திருக்கிறது. யூனியன் பலமானது, சம்பளம் மோசமில்லை.

மஞ்சள் பஸ்ஸில் போகிற உதவியாளர் வேலைக்கு உன்னை யாராவது உடனே கூப்பிடலாம். பெரும்பாலும் தனியார் பஸ் கம்பெனிகள்தான் குத்தகை எடுத்து ஓட்டுகின்றன. 2013 ஜனவரியில் ஓட்டுநர்களும் உதவியாளர்களும் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். குத்தகை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் பழைய ஆளை அவருடைய பணி மூப்போடும் சம்பளத்தோடும் எடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பை நகரம் புதுக் குத்தகையில் விட்டுவிட்டது. அதற்காகத்தான் போராட்டம். கேட்டது கிடைக்காமலே திரும்பினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்தான் கண்முன் வந்தது. என்கூட ஆறாம் ஆண்டு படித்த தோழி இங்கே ஒரு பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறாள். அதே பள்ளி, அதே துடைப்பம். குத்தகை கம்பெனி மாறும்போதெல்லாம் புது ஆளாகக் கையெழுத்துப் போடுகிறாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு மூப்பு என்று ஒன்றும் இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இனி நேராகக் கல்வி இலாகாவின் கணக்கில் பேர் ஏறும் வேலைகள். நான் முதலில் சேர்ந்தது சிற்றுண்டிச்சாலையில். தட்டு எடுத்து வைப்பது, பால் பெட்டி அடுக்குவது, மேசை துடைப்பது. ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான், மணிக்கணக்கில் கூலி. அப்போது காசு கட்டும் பிள்ளை, கட்டாத பிள்ளை என்று பிரிவு இருந்தது. சில பெரிய பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சாப்பிடாமலே போவார்கள். 2017 செப்டம்பரிலிருந்து எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம், அந்தக் கேவலம் ஒழிந்தது. வேலை நல்ல வேலைதான், அந்த அம்மாமார்கள் தங்கமானவர்கள். ஆனால் அங்கிருந்து மேலே போக வழி எனக்குத் தெரியவில்லை. நேர்க் கணக்கில் பேர் இருந்தால் மட்டும் போதாது, ஏணியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் மூன்று வருடம் கழித்துக் கற்றேன். ஸ்கூல் எய்டு என்ற பள்ளி எடுபிடி வேலையும் ஏறக்குறைய இதே கதை.

ஆகவே நான் உனக்குச் சொல்வது பாரா வேலை. முழுப் பேர் பாராப்ரொஃபஷனல், எல்லாரும் பாரா என்பார்கள். காவல் பாரா என்று நினைத்துவிடாதே, பாதி நாள் அதுவும்தான் செய்வாய். வகுப்பில் ஆசிரியரோடு கூட இருந்து, பெரும்பாலும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. சில சமயம் ஒரே ஒரு பிள்ளையோடு நாள் முழுக்க. அந்தப் பிள்ளைக்கென்று எழுதி வைத்த கல்வித் திட்டம் ஒன்று இருக்கும். இந்தப் பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அதில் இருந்தால்தான் உனக்கு வேலை. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் உன் இடமும் ஆட்டம் காணும். எனக்கு ஒரு முறை அப்படி ஆனது. மூப்பு இருந்ததால் இன்னொரு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு ஏணி எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள். அறுபதுகளில் பாராக்களாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்துக் கறுப்பினத் தாய்மார்களும் ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்களும். அற்பக் கூலி. வெல்மா ஹில் என்ற பெண்மணி முன்னால் நின்று அவர்களைத் திரட்டினார். 1969-இல் ஓட்டுப் போட்டு ஆசிரியர் யூனியனில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் வந்த முதல் ஒப்பந்தத்தில் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதோடு, வேலை செய்துகொண்டே கல்லூரிக்குப் போய் ஆசிரியராகும் வழியும் அதில் எழுதப்பட்டது. இன்றைக்கும் அந்த வழி இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஆறு கிரெடிட் வரை கல்லூரிக் கட்டணத்தைக் கல்வி இலாகாவே கட்டுகிறது. என்னோடு சேர்ந்த ஒரு டொமினிக்கன் பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரவில் படித்து எட்டு வருடத்தில் ஆசிரியராகிவிட்டாள். நான் பாதியில் விட்டுவிட்டேன். மூத்தவனுக்கு ஆஸ்துமா, மாமியார் வந்திருந்தார், இப்படி எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். நீ விடாதே.

சேரும் வழி கொஞ்சம் சுற்று. முதலில் உன் எஸ்.பி.எம். அங்கத்திய உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் சமம் என்று, அங்கீகாரம் உள்ள மதிப்பீட்டு நிறுவனத்திடம் எழுதி வாங்க வேண்டும். பிறகு குழந்தை வதை, பள்ளி வன்முறை, பிள்ளைகளை ஏளனம் செய்வது பற்றிய சின்னச் சின்னப் பயிலரங்குகள். கைரேகை. அப்புறம் மாநிலத்தின் தேர்வு: வாசிப்பு, எழுத்து, கணக்கு, வகுப்பில் எப்படி உதவுவது என்று கேள்விகள். அதன் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? ஆங்கில எழுத்தில் எழுதினால் மலாயில் ‘அத்தாஸ்’ என்று வாசிக்கலாம். மேலே! அந்தத் தாளைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தது பக்கத்தில் இருந்தவளுக்குப் புரியவே இல்லை.

தேர்வு கஷ்டமில்லை. நம்ம கணக்கு அங்கே போதும். இங்லீஷ் பற்றிக் கேட்டாய் இல்லையா, நீ பேசுவது போதும். “கேன்”, “கேனாட்”, கடைசியில் ஒரு “லா” எல்லாம் ஒரு வருடத்தில் தானாகக் குறையும். குறையாவிட்டாலும் ஒன்றும் இல்லை. என் வகுப்பில் ஒரு வருடம் ஐந்து பிள்ளைகள் “ஐயோ” சொல்லக் கற்றுக்கொண்டார்கள், ஒரு தாய் என்னிடம் வந்து அது என்ன கெட்ட வார்த்தையா என்று கேட்டாள்.

கஷ்டமானது வேறொன்று. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் உன்னை நியமித்து அனுப்பினால்தான் விண்ணப்பமே திறக்கும். வாசலில் போய் நிற்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள், செப்டம்பரில் பிள்ளைகள் வரும்போது ஆள் போதாமல் திண்டாடுவார்கள். பத்திரங்களை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போ. உன் எதிர்வீட்டுப் பள்ளியில் ஆரம்பித்து நடக்கிற தூரத்தில் உள்ள எல்லாப் பள்ளிக்கும். கடும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று மாவட்டம் 75 என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகப் பலர் தயங்குவதால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். பாலர்பள்ளியில் பிள்ளை தூக்கிய கைக்கு அது பயமாக இருக்காது.

முதலில் மாற்றாள் வேலைதான் கிடைக்கும். விடியுமுன் தொலைபேசி அடிக்கும், இன்றைக்கு இந்தப் பள்ளிக்குப் போ என்று. தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியது மாதிரியே இருக்கும். போன நாளுக்குத்தான் காசு, விடுமுறைக்கு இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. என்னை ஒரு பள்ளி இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்தது. அடுத்த மாதம் நிரந்தரம், அடுத்த மாதம் நிரந்தரம் என்று. வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்பும்தான். யூனியன் ஆள் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார், எனக்குப் போய்க் கேட்கத் தெரியவில்லை. நம்ம ஊர்ப் பழக்கம், ஆபீஸ் பக்கம் போனாலே செருப்பைக் கழற்றுகிற பழக்கம்.

நிரந்தரமான பாராவுக்குத் தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு முப்பதாயிரம் டாலர் சொச்சம். மலேசிய வெள்ளியில் பெருக்கிப் பார்க்காதே, வயிறு எரியும். நியூ யார்க் வாடகையில் அது ஒரு ஆளுக்கே பற்றாது. உன் வீட்டுக்காரர் சம்பளத்தோடு சேர்த்தால் சரி. ஆனால் காப்பீடு, ஓய்வூதியம், கோடை விடுமுறை, கல்லூரி. அதைச் சம்பளச் சீட்டில் எழுதமாட்டார்கள். இன்று நான் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பதே அந்த விடுமுறையால்தான்.

தமிழ் தெரிவது உதவுமா என்றும் கேட்டிருந்தாய். பள்ளித் தாள்களை மொழிபெயர்க்கும் மொழிகளில் வங்காளி, உருது இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆனால் ரிச்மண்ட் ஹில் பக்கம் வேலை கிடைத்தால் வருகைப் பதிவேட்டை நிதானமாகப் பார். வீராசாமி, மூன்சாமி என்றெல்லாம் குடும்பப் பெயர் வரும். கயானாவிலிருந்து வந்த பிள்ளைகள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம்ம ஆட்களின் பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளைகள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஒரு பையனிடம் உன் பேருக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். “பாட்டிக்குத் தெரியும்” என்றான் இங்லீஷில். தீபாவளிக்கு அங்கே பள்ளி விடுமுறை உண்டு இப்போது. 2024-இல்தான் முதல் முறையாக ஒரு பள்ளி நாளில் விடுமுறையாக அமைந்தது. அன்று ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் சிற்றுண்டிச்சாலையில் தோசைக்கு நின்ற வரிசையில் என் பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன்.

நான் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் திரும்புகிறேன். உன் எஸ்.பி.எம். அசல் சான்றிதழை மைலோ டின்னில் சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறாராம் உன் அம்மா. மதிப்பீட்டுக்கு அது வேண்டும். நாளைக்குப் போய் வாங்கி, மடிக்காமல் கோப்பில் போட்டுக் கைப்பையில் எடுத்து வருகிறேன். பாலர்பள்ளியிலிருந்து 4 வருடம் வேலை செய்ததற்கு ஒரு கடிதமும் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். இங்லீஷில் எழுதி, முத்திரை வைத்து. நான் வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபிளஷிங் கோயிலுக்கு வா, ஏழாம் நம்பர் ரயிலில் கடைசி நிறுத்தம். வாங்கிக்கொள்ளலாம்.