சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல் மிதந்ததும் மாலுமிகள் வீட்டுக்குப் போய்விட்டார்களா? என் தம்பி கப்பல் வேலைக்குப் போகப்போகிறான், அதனால் கேட்கிறேன்.

போகவில்லை. கப்பல் மண்ணில் சிக்கியிருந்தது 2021 மார்ச் 23 முதல் 29 வரை. அதன்பிறகு கால்வாய் வழியிலேயே உள்ள கிரேட் பிட்டர் ஏரியில் மூன்று மாதத்துக்கு மேல் நங்கூரம் போட்டுக் கிடந்து, ஜூலை 7-ல்தான் கிளம்பியது. சிக்கியபோது அதிலிருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். மீம் போட்டுச் சிரித்த கூட்டம் அதற்குள் வேறு மீமுக்குப் போய்விட்டது.

கால்வாய் நிர்வாகம் 91.6 கோடி டாலர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் மூலம் கப்பலைப் பிடித்துவைத்தது. பிறகு 55 கோடிக்கு இறங்கியது. உரிமையாளர் ஜப்பான், வாடகைக்கு எடுத்தவர் தைவான், கொடி, அதாவது கப்பல் பதிவான நாடு, பனாமா. பேரம் எங்கோ நடந்தது, மாலுமிகள் ஏரியில் இருந்தார்கள்.

"பிடித்தது கப்பலைத்தானே, ஆளை இல்லையே" என்று சட்டம் தெரிந்தவர்கள் வருவார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் கப்பலில் குறைந்தது எத்தனை பேர், என்னென்ன சான்றிதழோடு இருக்க வேண்டும் என்று கொடி நாடு எழுதிக் கொடுத்திருக்கும். அந்த எண்ணிக்கைக்குக் கீழே போகக்கூடாது என்பதால், மாற்று ஆள் ஏறாமல் சைன் ஆஃப், அதாவது வேலையை முடித்துக் கப்பலைவிட்டு இறங்கும் அனுமதி, கிடைப்பது கஷ்டம். கொரோனா காலத்தில் மாற்று ஆள் குதிரைக்கொம்பு.

எவர் கிவனையாவது உலகமே பார்த்தது. அதே சமயத்தில், அதே சூயஸ் பக்கம், அதபியா துறைமுகத்தருகே எம்.வி. அமான் என்ற சரக்குக் கப்பல் கிடந்தது. சான்றிதழ்கள் காலாவதி என்று 2017 ஜூலையில் பிடிக்கப்பட்டது. கேப்டன் கரையில் இருந்ததால், கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்த சிரியாக்காரரான சீஃப் ஆபீசரைக் கப்பலுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் என்று நீதிமன்றம் அறிவித்தது. என்னவென்று புரியாமலே கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் போக, கடைசியில் டீசலும் விளக்கும் இல்லாத கப்பலில் அவர் மட்டும். 2020-ல் புயல் கப்பலைக் கரையோரம் தள்ளியது. அதன்பிறகு சில நாளுக்கொரு முறை நீந்திப் போய்ச் சாப்பாடு வாங்கி, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்புவார். 2021 ஏப்ரலில்தான் விடுதலை. அதுவும் சர்வதேசத் தொழிற்சங்கமான ஐ.டி.எஃப்-இன் எகிப்துப் பிரதிநிதி அந்தப் பொறுப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதால்.

ஆகவே படிக்கத் தெரியாத மொழியில் வரும் எந்தக் காகிதத்திலும், தொழிற்சங்கத்தையோ தூதரகத்தையோ கேட்காமல் உங்கள் தம்பி கையெழுத்துப் போடக்கூடாது. கப்பலேறும் நாளிலேயே ஒப்பந்தத்தையும், பார்வையில் படும்படி ஒட்டியிருக்கும் காப்பீட்டுச் சான்றிதழையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும். கப்பல் உரிமையாளர் மாலுமிகளைக் கைவிட்டால் யாரை அழைப்பது, காப்பீடு எதுவரை செல்லும் என்பதெல்லாம் அந்தச் சான்றிதழில் இருக்கும். அது இல்லாத கப்பல் என்றால் அங்கேயே உஷாராக வேண்டும்.

2017 முதல் நடப்பில் உள்ள சர்வதேச விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே கைவிடப்பட்டதாகப் புகார் செய்யலாம். பலர் "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி ஏழெட்டு மாதம் ஓட்டுகிறார்கள். காப்பீடு ஊர் திரும்பும் செலவைத் தரும். சம்பளப் பாக்கியில் அதிகபட்சம் நான்கு மாதத்துக்குத்தான் உத்தரவாதம். மீதிக்குக் கப்பலின் மேலேயே வழக்குப் போட்டு, அது ஏலம் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

கேட்காத ஒன்று: வேலை வாங்கித் தர லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட் மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கவே கூடாது. அவருடைய ஆர்.பி.எஸ்.எல். எண்ணை, அதாவது மாலுமிகளுக்கு ஆளெடுக்கும் உரிம எண்ணை, இந்திய அரசின் கப்பல்துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் சேர்த்து.