ஆரஞ்சுப் பெட்டியில் மயில் எதற்கு? கலிபோர்னியா லேபிள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய கலிபோர்னியா பழப்பெட்டி லேபிள்களில் மயில், பனிமலை, குதிரைவீரன் என்று பழத்தோடு ஒட்டாத படங்கள் ஏன்?

பதில்: அவை பழம் தின்பவருக்காக வரைந்தவை அல்ல, மொத்த வியாபாரிக்காக வரைந்தவை. நியூயார்க், சிகாகோ ஏலக் கூடங்களில் ரயிலில் வந்த மரப்பெட்டிகளை அடுக்கி வைப்பார்கள். அடுக்கினாலும் மறையாத குறுகிய பக்கத்தில்தான் லேபிள் ஒட்டியிருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஆரஞ்சுப் படமே இருந்தால் எதை வைத்து ஒன்றைப் பிரித்து அறிவது? மயில் பெட்டி போன முறை நல்ல விலைக்குப் போனது என்றால், வியாபாரியின் கண் மறுபடி மயிலைத் தேடும். நிறத்திலும் சேதி உண்டு. சன்கிஸ்ட் என்ற பழ விவசாயிகள் கூட்டமைப்பின் லேபிள்களில் பெரும்பாலும் நீலப் பின்னணி முதல் தரம், சிவப்பு இரண்டாம் தரம். அந்தக் காலத்து விளம்பரக் கலையில் இவ்வளவு காரியத்தோடு வரைந்த படங்கள் குறைவு என்பேன்.

கேள்வி: அங்கே ஆரஞ்சு எப்படி வந்தது?

பதில்: ஸ்பானியப் பாதிரிமார்கள் கொண்டுவந்தார்கள். 1841-இல் வில்லியம் வுல்ஃப்ஸ்கில் லாஸ் ஏஞ்சலிஸில் விற்பனைக்கென்றே தோப்பு போட்டார். ஆனால் உண்மையான திருப்பம் 1873-இல். பிரேசிலின் பாஹியாவிலிருந்து வாஷிங்டன் வேளாண் துறைக்கு வந்த நேவல் ரகத்தின் கன்றுகள், ரிவர்சைடில் குடியிருந்த எலைசா டிபெட்ஸ் அம்மையாருக்குக் கிடைத்தன. விதையில்லாத பழம் என்பதால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க முடியும். அப்படிப் பெருகியதுதான் கலிபோர்னியாவின் நேவல் தோப்பெல்லாம். அந்தத் தாய்மரங்களில் ஒன்று ரிவர்சைடில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் பூச்சி அண்டாமல் வலைக்கூடாரம் கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

கேள்வி: லேபிள்களில் தோப்பு வேலையாட்களைக் காணோமே?

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள், மெக்சிகர்கள் என அடுத்தடுத்து வந்தவர்களின் உழைப்பில்தான் தோப்புகள் நின்றன. 1936-இல் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிகத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தமே செய்தார்கள். லேபிளிலோ பெரும்பாலும் வெயிலும் ஸ்பானியத் தேவாலயமும் ஆளற்ற தோப்பும்தான். இந்தக் கலையை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: பெட்டிகளில் லேபிள் ஒட்டுவது எப்போது நின்றது?

பதில்: 1950-களின் நடுவில். அட்டைப்பெட்டி வந்தது, அதன் மேலேயே அச்சடித்துவிட்டார்கள்.

கேள்வி: தீப்பெட்டிப் படம் சேர்ப்பவன் நான். இணையத்தில் ஒரு ஆரஞ்சு லேபிள் வாங்கினேன். அசலா?

பதில்: மலிவாகக் கிடைத்தது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். அட்டைப்பெட்டிக்கு மாறியபோது ஒட்டாத லேபிள்கள் கட்டுக்கட்டாகத் தங்கிப்போனதால், அசலே பல இன்றும் குறைந்த விலைக்கு வருகின்றன. முதலில் அளவைப் பாருங்கள்: கலிபோர்னியா ஆரஞ்சு லேபிள் ஏறக்குறைய 10-க்கு 11 அங்குலம் இருக்கும். அப்புறம் பூதக்கண்ணாடி. கல் அச்சில் (கல்லில் படம் வரைந்து அச்சிடும் முறையில்) வந்த பழைய லேபிள் என்றால் புள்ளிகள் கையால் வைத்ததுபோல் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். ஆனால் 1930-களுக்குப் பிந்தியவற்றில் சீரான புள்ளிகளும் உண்டு, அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். தாள் புத்தம்புது வெள்ளையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எதுவானாலும் லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், அமிலமற்ற தாளுக்கு இடையில் வையுங்கள்.