காசு வாங்கினால் ஆட்டம் கெடுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பிளேஆஃப் ஆட்டங்களை, அதாவது பருவத்தின் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளை, புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. மேற்படிப்புக்காகப் பிலடெல்பியா வந்து அங்கேயே தங்கிவிட்டவன் நான். வில்லனோவா பல்கலைக்கழகம் எனக்குப் பக்கத்து ஊர். 2016 கல்லூரிக் கூடைப்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவின் கிறிஸ் ஜென்கின்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தபோது எங்கள் தெருவே கத்தியது. அன்றிலிருந்து, கல்லூரிக் கோப்பைப் போட்டி நடக்கும் மார்ச் மாதம் வந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது.

தொழில்முறை ஆட்டத்தில் அந்த உயிர் எங்கே இருக்கிறது? பருவத்துக்கு 82 ஆட்டங்கள், நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கிறார்கள், தடுப்பாட்டம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கோடிகளை வாங்கியவனுக்கு வெற்றி எதற்கு? கல்லூரிப் பையன்கள் சட்டையில் எழுதியிருக்கும் பெயருக்காக ஆடினார்கள். இப்போது அங்கேயும் காசு புகுந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று தாவுகிறார்கள். நான் விரும்பிய விளையாட்டு முடிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வட கரோலினாவின் மார்கஸ் பெய்ஜ் தொலைவிலிருந்து, காற்றில் உடலை மடக்கி எறிந்த மூன்று புள்ளிப் பந்தால் ஆட்டம் 74-74 என்று சமனாகிறது. மிச்சம் 4.7 நொடி. ஜென்கின்ஸ்தான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தைச் சக வீரர் ஆர்ச்சிடியாகோனோவிடம் கொடுக்கிறார். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வருகிறார். வட கரோலினா வீரர்களின் கண்ணெல்லாம் பந்தோடு போகிறவர் மீது. அந்தப் பந்து மெல்லப் பின்னால் திரும்புகிறது. யாரும் கவனிக்காமல் விட்ட மனிதர் எறிகிறார். 77-74. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஆட்டம் அது.

அந்த வில்லனோவா அணியில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்: ஜேலன் ப்ரன்சன், ஜாஷ் ஹார்ட், மிகால் பிரிட்ஜஸ். உங்கள் பையன்கள்தான். பின்னாளில் மூவரும் நியூயார்க் நிக்ஸ் அணியில் ஒன்று சேர்ந்தார்கள். 2025 மே மாதம், முந்தைய ஆண்டின் சாம்பியனான பாஸ்டனை அதன் சொந்தக் களத்தில் சந்தித்தார்கள். முதல் ஆட்டத்தில் 20 புள்ளி பின்தங்கி, மீண்டு வந்து, கூடுதல் நேரத்தில் வென்றார்கள். கடைசி நொடிகளில் ஜேலன் பிரவுனின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கியவர் பிரிட்ஜஸ். இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஆட்டம். மறுபடியும் 20 புள்ளி பின்தங்கல், மறுபடியும் மீட்சி. 91-90 என்ற நிலையில் ஜேசன் டேட்டம் கூடையை நோக்கி வருகிறார். மறுபடியும் அதே பிரிட்ஜஸ், அதே திருட்டு. தடுப்பாட்டமே இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் இந்த இரண்டு முடிவுகளையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ப்ரன்சன் கதை இன்னும் சுவாரசியம். 2024 ஜூலையில் அவர் நான்கு ஆண்டுகளுக்கு 15.65 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு 26.9 கோடி டாலர் கிடைத்திருக்கும். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக்குள் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்றுதான் அவர் முந்திக்கொண்டார். விட்டதில் ஒரு பகுதியைப் பின்னால் ஈட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான்; அதற்காக அவரைத் தியாகி என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கோடிகளை வாங்கியவனுக்கு வெற்றி எதற்கு என்று கேட்டீர்களே, வெற்றிக்காகக் கோடிகளை ஒத்திப்போட்டவர் உங்கள் ஊர்க் கல்லூரியில் படித்தவர்.

கல்லூரி ஆட்டத்தின் நெஞ்சடைப்புக்குக் காரணம் பையன்களின் தூய்மை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். போட்டியின் அமைப்புதான் காரணம் என்பது என் கட்சி. 68 அணிகள், ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2018-இல் முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை, பதினாறாம் தரவரிசையில் இருந்த மேரிலாந்து-பால்டிமோர் கவுண்டி 74-54 என்று வென்றது. அதுவரை ஆண்கள் போட்டியில் அப்படிப்பட்ட 135 ஆட்டங்களில் ஒன்றில்கூட முதல் தரவரிசை அணி தோற்றதில்லை. இடைவேளையில் 21-21. அதற்குப் பிறகு சின்ன அணி 53 புள்ளிகள் எடுத்தது! அதே இரண்டு அணிகளும் என்.பி.ஏ. பிளேஆஃபில் போல, நான்கு ஆட்டம் வென்றவரே முன்னேறும் ஏழு ஆட்டத் தொடரில் மோதியிருந்தால் வர்ஜீனியா சிரமமில்லாமல் வென்றிருக்கும். மறு ஆண்டு அதே பயிற்சியாளரின் கீழ் கோப்பையையே வென்ற அணி அது. ஒற்றை ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு நாற்காலி உண்டு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் எந்த அணி சிறந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஏழு ஆட்டத் தொடர்தான் வேண்டும். முதல் ஆட்டத்தில் பலித்த உத்தி மூன்றாம் ஆட்டத்தில் பலிக்காது. எதிரணி அதற்குள் படித்துவிடும்.

தடுப்பாட்டம் தளர்வாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு கூடைக்கு நேரெதிரே 23 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. அதற்கும் அப்பாலிருந்து எறிகிறவர்கள் அணிக்கு நான்கு பேர். காவல் காப்பவர் அங்கே ஓடி, உடனே கூடையடிக்குத் திரும்பி, மறுபடி ஓட வேண்டும். கல்லூரியில் அத்தனை பேர் அவ்வளவு தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிவதில்லை. அதனால் உள்ளேயே கூட்டமாக நின்று மறிக்க முடிகிறது.

82 ஆட்டங்கள், ஓய்வெடுக்கும் நட்சத்திரங்கள் என்று நீங்கள் சொன்னதை மட்டும் மறுக்க மாட்டேன். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டங்கள் சவசவவென்றுதான் இருக்கின்றன. பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24 பருவத்திலிருந்து லீக் விதி வைத்ததே அதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

பணம் இப்போதுதான் புகுந்தது என்கிறீர்கள். 2010-இல் மார்ச் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. பயிற்சியாளர்கள் மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கினார்கள். ஆடிய பையன்களுக்குப் படிப்பு உதவித்தொகை. 2021 ஜூலையில் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கலாம் என்றானதும் தூய்மை போய்விட்டது என்று கூக்குரல் எழுந்தது. முதலாளி வாங்கும்போது போகாத தூய்மை தொழிலாளி வாங்கும்போது ஏன் போகிறது?

கல்லூரி தாவுவது பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஹார்ட்டும் ஜென்கின்ஸும் நான்கு பருவம் ஒரே இடத்தில் ஆடினார்கள். ப்ரன்சனும் பிரிட்ஜஸும் மூன்று பருவம். ஜென்கின்ஸ் கடைசியில் எங்கே வந்து நிற்பார் என்று ஆர்ச்சிடியாகோனோவுக்குத் தெரிந்தது அப்படிச் சேர்ந்து ஆடிய பழக்கத்தால்தான். 2024-இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும், காத்திருக்காமல், கல்லூரி மாறலாம். அப்படியோர் அணி இனி உருவாவது கடினம். பழியைப் பையன்கள் மீது போடாதீர்கள். பயிற்சியாளர்கள் நினைத்தபோதெல்லாம் கூடுதல் சம்பளத்துக்கு இடம் மாறியவர்கள்தான். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஊழியர் என்று ஏற்றுக்கொண்டு சம்பளம் கொடுத்தால் பையன்கள் ஓரிடத்தில் தங்குவார்கள். ஊழியர் என்று சொல்லிவிட்டால் காயத்துக்கு இழப்பீடு, தொழிற்சங்கம் என்று வரிசையாக வரும் என்பதால்தான் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே நாடாளுமன்றத்துக்கு ஓடி விலக்குக் கேட்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்