பச்சை டாங்கி வெள்ளை பூத்தது ஏன்?

கேள்வி: 1971 போரில் நம் ராணுவம் பயன்படுத்திய டி-55 டாங்கியின் மாடலை 1:35 அளவில் செய்து, ஆலிவ் பச்சை அடித்தேன். ஜூலையில், கடைசிப் பூச்சாக மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும், சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. ஆன்லைனில் மாடல் பொருட்கள் விற்கும் ஒருவர், நான் வாங்கிய மாடல் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) போலி என்றும், தின்னரால் துடைத்துவிட்டுத் தம்மிடமுள்ள 'கடற்காற்று தாங்கும்' வார்னிஷை அடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்? – வாசகர், குளச்சல்

பதில்: முதலில் தின்னரைத் தூர வையுங்கள். கிட் போலியா அசலா என்பதற்கும் இந்த வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பிரே சீறி வந்து கரைப்பான் ஆவியாகும்போது வண்ணப் பரப்பு சட்டென்று குளிர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் குளச்சல் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அதில் படிந்து, வார்னிஷ் காய்வதற்குள் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் கனமாக அடித்திருந்தால், பளபளப்பை மட்டுப்படுத்தக் கலந்திருக்கும் பொடியும் சேர்ந்து வெளுக்கும்.

மழை வெறித்து நல்ல வெயில் அடிக்கும் நாளில், அதே வகை கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை மெல்லியதாக அடியுங்கள். பெரும்பாலும் பச்சை திரும்பிவிடும். அது முழுதாகக் காய்ந்தபின், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வெளுப்பு டாங்கி முழுவதும் இல்லாமல், டரட்டில் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி) ஒட்டிய எண்களைச் சுற்றி மட்டும் வெள்ளி போல மினுங்கினால், அது ஈரத்தின் வேலை அன்று. டீகாலுக்கு (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) அடியில் சிக்கிய காற்று. மேட் பெயிண்டின் சொரசொரப்பின் மேல் நேரடியாக டீகாலை ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அதன் மேல் எத்தனை முறை கிளாஸ் அடித்தாலும் போகாது. வார்னிஷ் ஏறிவிட்டபின் சரிசெய்வதும் கடினம். இனி செய்யும் மாடலிலாவது டீகாலுக்கு முன்பே கிளாஸ் பூசிவிடுங்கள். அப்படியும் மினுங்கினால், வார்னிஷுக்கு முன்பாக ஊசி முனையால் டீகாலில் நுண்துளைகள் இட்டு, டீகால் மிருதுவாக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் படிந்துவிடும்.

இப்போது அந்த விற்பனையாளருக்கு வருவோம். பெயிண்ட் கடைகளில் சில்லறையாக ஊற்றித் தரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். துணியில் நனைத்துத் துடைத்தால் பெயிண்டோடு சக்கரங்களின் போல்ட் தலைகளும் இளகிப் போகும். பிறகு புதுக் கிட்டையும் அவரே உங்கள் தலையில் கட்டுவார். 'கடற்காற்று தாங்கும்' என்ற லேபிளை அப்படியே நம்பிவிடாதீர்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் ஸ்பிரேயை அஞ்சலில் அனுப்பத் தடை, கூரியர்காரர்கள் பலரும் கைவிரிக்கிறார்கள். தடைக்குக் காரணம் இருக்கலாம்; ஆனால், முறையாகத் தரைவழியில் கொண்டுவர ஓர் எளிய வழியை வகுக்காமல் விட்டால், குமரி மாவட்டத்துக்காரன் இப்படிப்பட்ட இடைத்தரகரைத் தவிர வேறு யாரிடம் போவான்?

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். குறைவாக இருந்தாலும், அதே பச்சை அடித்த பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு, அது வெளுக்காமல் காய்ந்த பிறகே டாங்கியை எடுங்கள்.